அக்காவுக்கு ஒதுக்கிய வெளிச்சம்

மண்டபத்துக்குள் வைத்து மனிதர்களைப் படம் எடுப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஆளை அங்கே நிறுத்த வேண்டும். ஆள் நகர மாட்டார் என்றால் வெளிச்சத்தை நகர்த்த வேண்டும். இரண்டும் நகராது என்றால், ஏதோ ஒரு நிறுவனத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துகொண்டு மூட்டையைக் கட்ட வேண்டும். எனக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. மூட்டையைக் கட்டத்தான் முடியவில்லை. அங்கே என்னை அனுப்பியது என் அக்கா.

அக்காவுக்கு அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. யார் யாரைக் கேட்டாலும் அவள்தான் இணைத்துக் கொடுக்க வேண்டும். அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. யார் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்பது தெரியும், வேலைக்கு அது போதும். அவள் குரல் அங்கே எல்லோருக்கும் பழக்கம். முகம் ஒருவருக்கும் தெரியாது. வருஷா வருஷம் எடுக்கும் குழுப்படத்தில் அவளைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நிறுத்துவார்கள். ஒன்றில் நெற்றி தெரியும், ஒன்றில் காது தெரியும். ஒரு வருஷம் தூண் மட்டும் தெரிந்தது.

அவள் ஓய்வு பெறும் மாதத்தில் அலுவலகத்தில் ஒரு பாராட்டு விழா ஏற்பாடானது. இயக்குநர் கையால் கேடயம். படம் எடுக்க என் பெயரை அக்காவே சொல்லியிருந்தாள்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. அந்த ஆபீஸ்ல எடுத்த ஒரே ஒரு படத்துலயாவது நான் இருக்கணும். பாத்தா நான்தான்னு தெரியணும். அவ்வளவுதான்.”

“இதெல்லாம் ஒரு வேலையாக்கா?” என்றேன். இப்படி வாயை விட்டு மாட்டிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டுமே உள்ள பழக்கம்.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அந்த நிறுவனத்தில் ‘உள்ளரங்க ஒளித் தேர்வுக் குழு’ என்று ஒன்று இருப்பது. எப்போதோ ஒரு விழாவில் அப்போதிருந்த இயக்குநர் கண்ணை மூடிய நேரத்தில் படம் எடுத்து, அதை ஆண்டு மலரின் அட்டையிலும் போட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து கூரைக்குக் கீழே எந்த மனிதரைப் படம் எடுப்பதானாலும் அந்தக் குழு கூடி வெளிச்சத்தைத் தீர்மானிக்க வேண்டும். நான் போனபோது குழு கூடியிருந்த அறை பாதி இருட்டாக இருந்தது. மேலே ஒரு டியூப்லைட் இறந்துபோயிருந்தது, இன்னொன்று சாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“டியூப்லைட்டை மாத்தக் கூடாதா சார்?” என்று கேட்டேன்.

“அது அறை வெளிச்சம். எங்களுக்குப் பட வெளிச்சம் மட்டும்தான்” என்றார் குழுத் தலைவர்.

தலைவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வெளிச்சம் கண்ணில் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். எந்த வெளிச்சமும் பிடிக்காதவர் என்பதால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று அவரைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். அவருக்கு வலது பக்கம் கட்டடப் பிரிவுப் பொறியாளர். இடது பக்கம் கணக்குத் தணிக்கைப் பிரிவு அம்மாள். குழு அவ்வளவுதான், ஆனால் மேஜை இருபது பேர் உட்காரும் மேஜை. என்னை அதன் மறுகோடியில் உட்கார வைத்தார்கள். ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

நான் என் திட்டத்தைச் சொன்னேன். விழா நடக்கும் அரங்கில் கூரை வெள்ளையாக, தாழ்வாக இருக்கிறது. ஃப்ளாஷை நேராக முகத்துக்குக் காட்டாமல் கூரைக்குத் திருப்பினால், வெளிச்சம் அங்கே பட்டு எல்லோர் மேலும் மெதுவாக இறங்கும். யாருக்கும் கண் கூசாது, நிழல் விழாது. கல்யாண மண்டபம், பள்ளிக்கூட விழா எல்லாவற்றுக்கும் இதையேதான் செய்கிறேன்.

பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கூரையா? எங்க கூரையையா சொல்றீங்க?”

“ஆமா சார்.”

“எங்க பிரிவுக்கிட்ட கேக்காம எங்க கூரையை எப்படிப் பயன்படுத்துவீங்க? ஃபேன் மாட்டறதுக்கே ஒப்புதல் வாங்கணும்.”

“இதுல ஒண்ணும் மாட்டப் போறதில்ல சார். வெளிச்சம் போய்த் தொட்டுட்டு வந்துடும்.”

தணிக்கை அம்மாள் பேனாவை மூடிக் கீழே வைத்தார். “மேல போற வெளிச்சம் முழுசா கீழ வந்துடுமா?”

“கொஞ்சம் குறையும் மேடம்.”

“குறையற மிச்சம் எங்க போகுது?”

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் இதற்கு முன் கேட்டதில்லை. “கூரை எடுத்துக்கும்னு நினைக்கிறேன் மேடம்” என்றேன்.

அம்மாள் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் பதறிப்போனார். “எங்க பிரிவுக்கு அப்படி எதுவும் வந்து சேரலைங்க. இதுவரைக்கும் வந்ததே இல்ல.”

“அப்ப எவ்வளவு நாளா இது நடக்குது?” என்றார் அம்மாள்.

கூரை விவகாரம் அத்தோடு தனி விசாரணைக்குப் போய்விட்டது. இன்னமும் அது நடப்பதாகக் கேள்வி.

கூரை இல்லையென்றால் குடை. வெள்ளைத் துணிக் குடை ஒன்றைக் கம்பத்தில் மாட்டி, அதன் வழியாக விளக்கை எரியவிட்டால் வெளிச்சம் மென்மையாகும். மறுநாள் குடையோடு போனேன். வாசலில் காவலர் மறித்தார்.

“குடைய வெளிய வெச்சுட்டுப் போங்க. நனைஞ்ச குடைய உள்ள விடறதில்ல.”

“நனையலையே.”

“மழையே இல்ல, அப்புறம் எதுக்குக் குடை?”

“உள்ள பிடிக்கறதுக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, இந்தக் கட்டடத்தில் இதைவிட மோசமான ஆட்களையெல்லாம் பார்த்தவர் போல, உள்ளே விட்டார்.

குழுவுக்குக் குடை பிடித்திருந்தது. ஆனால் அதற்குள் வேறு சண்டை கிளம்பியிருந்தது. அரங்கில் ஏற்கெனவே இருந்த விளக்குகள் மஞ்சள். மஞ்சள் வெளிச்சத்தில் தான் காமாலை வந்தவர் மாதிரித் தெரிவதாகப் பொறியாளர் சொன்னார். வெள்ளை வெளிச்சத்தில் தன்னைப் பார்த்தால் பிரேதப் பரிசோதனைக்கு வந்தது போல இருப்பதாகத் தணிக்கை அம்மாள் சொன்னார். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், கேமராவில் சரிசெய்து விடுகிறேன், இரண்டையும் மட்டும் கலக்காதீர்கள் என்று கெஞ்சினேன். கலந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் இன்னொரு கன்னம் நீலமாகவும் வரும்.

“அப்ப ரெண்டு தரப்புக்கும் ஒவ்வொரு கன்னம்” என்றார் தலைவர். “இதைவிட நியாயமா ஒரு முடிவு எடுக்க முடியுமா?”

எடுக்க முடிந்தது. அடுத்த கூட்டத்தில் அதைவிட நியாயமான முடிவாக, யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைத் தீர்மானித்தார்கள். அரங்கில் இருக்கும் மொத்த வெளிச்சத்தையும் பதவிவாரியாகப் பிரித்தார்கள். இயக்குநருக்கு இரண்டு பக்கமும் குடை வெளிச்சம். துணை இயக்குநர்களுக்கு ஒரு பக்கம். பிரிவுத் தலைவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவர்மீது பட்டுச் சிந்துவது. மற்ற ஊழியர்களுக்கு ‘அரங்கின் பொது வெளிச்சம்’. இயக்குநருக்குக் கண் கூசும் என்பதால் விழா நேரத்தில் பொது வெளிச்சம் அணைக்கப்படும்.

“அப்ப கேடயம் வாங்கறவங்க?” என்று கேட்டேன்.

“மேடைக்கு வராங்கல்ல? அதுவே பெரிய கௌரவம்” என்றார் தலைவர்.

“மூஞ்சி தெரியணுமே சார்.”

“தம்பி, நீங்க நினைக்கிற மாதிரி வெளிச்சங்கறது சும்மா எல்லார்மேலயும் படற விஷயம் இல்ல. அப்படி விட்டுட்டா யார் பெரியவர், யார் சின்னவர்னு படத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?”

உண்மையைச் சொன்னால், அந்தச் சமயத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை நாளும் மணமகனுக்கும் அவன் பின்னால் நின்ற ஓட்டுநருக்கும் ஒரே வெளிச்சத்தைக் கொடுத்து ஏதோ பெரிய தவறு செய்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன்.

வேலையை விட்டுவிடப்போவதாக அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“விட்டா வேற ஆளைப் போடுவாங்க. அவனுக்கு நான் யாருன்னே தெரியாது. நீயாவது என்னைத் தேடுவ” என்றாள்.

மாமா ஹாலில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் வந்தால் மாட்டுவதற்கு ஆணி எங்கே இறங்கும் என்று பார்க்கிறாராம். வேலையை விடும் பேச்சை நானும் விட்டுவிட்டேன்.

விழா நாள் வந்தது. தலைவர் இயக்குநரின் இடத்தில் தானே நின்று வெளிச்சத்தைச் சோதித்தார். “இருட்டா இருக்கே” என்றார். விளக்கைக் கூட்டினேன். “இன்னும் இருட்டா இருக்கே.” கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் அந்த இடத்தில் ஈரத்துணியைக் காயப்போடலாம் என்ற அளவுக்கு வெளிச்சம் சேர்ந்தது. மேடையின் தரையில் ஒரு வெள்ளைக் கோடு ஒட்டினார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இயக்குநரும் வெளிச்சமும். அந்தப் பக்கம் கேடயம் வாங்குபவர்.

இயக்குநர் வந்து வெளிச்சத்துக்குள் நின்று வியர்த்துக்கொண்டே பேசினார்.

“நான் ஊழியர்களுக்குள் பேதம் பார்க்கிறவன் இல்லை. சொல்லப்போனால் ஊழியர்களையே நான் பார்த்ததில்லை. என் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அதற்கு வெளியே இன்னொரு கதவு இருக்கிறது, அது மட்டும்தான் பூட்டியிருக்கும். இன்று ஓய்வு பெறும் இந்த அம்மையாரை எனக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். தினமும் காலையில் அவர் குரலைக் கேட்டுத்தான் என் வேலை ஆரம்பிக்கும். அவர் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு என் சொந்தச் சகோதரியைப் பார்ப்பது போல இருக்கிறது.”

இதை அவர் முன்வரிசையில் இருந்த தணிக்கை அம்மாளைப் பார்த்துச் சொன்னார். தணிக்கை அம்மாள் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அரங்கு முழுக்கக் கைதட்டியது. இருட்டில் யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று தெரியவில்லை.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் மேடையேறி, காட்டிய இடத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கேடயம் வாங்கக் கையை நீட்டினாள். கேமரா வழியே பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் அக்கா பளிச்சென்று இருந்தாள். அதற்கு மேல் இருட்டு. அந்த இருட்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வெகுநாளாகச் சேர்த்துவைத்த சிரிப்பு அது. கேமரா மேலே இருந்த ஃப்ளாஷை நேராக அவள் பக்கம் திருப்பிப் பட்டென்று அடித்துவிட்டேன்.

குழு நடுங்கியது. யாரோ ஓடிவந்து என் கையைப் பிடித்தார்கள். ஆனால் படம் விழுந்துவிட்டது. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். அக்கா முழுசாக இருந்தாள். நெற்றி, காது, சிரிப்பு, முன்பல்லில் இருக்கும் சிறு இடைவெளி எல்லாம். பக்கத்தில் இயக்குநர் கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார்.

அன்று மாலையே குழு அவசரமாகக் கூடியது. படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள்.

“இயக்குநர் தூங்கறாரே” என்றார் பொறியாளர்.

“தூங்கல, சிந்திக்கிறார்” என்றார் தலைவர்.

“வாயைத் திறந்துக்கிட்டா?”

“ஆழமா சிந்திக்கிறார்.”

தணிக்கை அம்மாள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். “இந்த அம்மா யாரு? இவங்க மேல விழுந்திருக்கிற வெளிச்சம் இவங்க தகுதிக்கு ரொம்ப அதிகமா இருக்கே. துணை இயக்குநருக்கே இவ்வளவு இல்ல.”

கேமராவிலிருந்த மெமரி கார்டை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். மறுபடியும் ஒரு படம் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கார்டைத் தருவதாகத் தலைவர் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். அக்காவை நாளைக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

“அவங்க எப்படி வர முடியும்? இன்னியோட ஓய்வு பெற்றாச்சு. நுழைவு அட்டையையும் வாங்கியாச்சு. ஊழியரா இல்லாதவங்களை ஊழியர் பாராட்டு விழாப் படத்துல எப்படி நிறுத்தறது?”

“சார், பாராட்டே அவங்களுக்குத்தானே?”

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “தம்பி, படத்துல நிக்கறது ஆள் இல்ல, பதவி. இணைப்பகப் பதவியில நாளைக்கு யார் இருக்காங்களோ அவங்க வந்து நிப்பாங்க. பதவி ஓய்வு பெறலையே!”

மறுநாள் இணைப்பகத்துக்குப் புதிதாக வந்த பெண்ணை மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிளை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் கையில் பெயர் பொறிக்காத ஒரு கேடயம். நான் கோட்டைத் தேடினேன். கோடு இல்லை.

“இது விழாப் படம் இல்ல, நம்ம குழுவோட வேலைக்குச் சாட்சி” என்றார் தலைவர். “இதுல ஒரு மூலையிலகூட இருட்டு இருக்கக் கூடாது. எல்லா விளக்கையும் போடுங்க. கூரையையும் எடுத்துக்குங்க, நான் பொறியாளர்கிட்ட பேசிக்கிறேன்.”

முதல்முறையாக எனக்கு எல்லாம் கிடைத்தது. ஒரே நிற வெளிச்சம், குடை, கூரை, அரங்கத்தின் விளக்குகள். எடுக்கக் கூடாது என்றுதான் நின்றேன். அந்த டிராயருக்குள் அக்கா இருக்கிறாள் என்ற நினைப்பில் கேமராவைத் தூக்கினேன். தூக்கிய பிறகு கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணைத் தாடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். இயக்குநர் கண்ணை அகல விரித்துக்கொண்டார். படம் அருமையாக வந்தது. என் தொழிலில் அப்படி வெளிச்சம் அமைந்த படங்கள் கொஞ்சம்தான்.

கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே வந்து கேமராவில் போட்டுப் பார்த்தேன். காலி.

திரும்பி ஓடினேன். “உள்ள இருந்ததெல்லாம் எங்க சார்?”

“சுத்தமாத்தான் குடுத்திருக்கோம்” என்றார் தலைவர். “அடுத்தவங்க பொருளை அழுக்கா திருப்பிக் குடுக்கற பழக்கம் இந்த நிறுவனத்துல கிடையாது.”

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று பயமாக இருந்தது. நாலைந்து நாள் போயிருக்கும். படம் சட்டம் போட்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். மாமா கையில் சுத்தியலோடு நின்றார். அக்கா காகிதத்தைப் பிரித்தாள். பளபளவென்று இயக்குநர் கேடயத்தை நீட்டிக்கொண்டிருந்தார், பளபளவென்று அந்தப் பெண் வாங்கிக்கொண்டிருந்தாள். கீழே தங்க எழுத்தில் அக்காவின் பெயர், நீண்ட கால உழைப்புக்கு நன்றி என்ற வாசகம், குழுவினர் மூவரின் கையெழுத்து.

“யாருடா இது?” என்றாள் அக்கா.

சொன்னேன். கூரையிலிருந்து ஆரம்பித்து கார்டு வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மாமா சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, அந்த இயக்குநரின் பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். அக்கா படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள்.

“நான் இருந்தேனாடா அந்தப் படத்துல?” என்று கேட்டாள். “நல்லா இருந்தேனா?”

“நல்லா இருந்தக்கா” என்றேன்.

படத்தை மறுபடி நிமிர்த்திப் பார்த்து, “கிளை ஆபீஸ்ல இருந்து வந்த பொண்ணுன்னுதானே சொன்ன?” என்றாள்.

“ஆமா.”

“அட, அவளா இது!” அக்காவின் முகம் மாறியது. கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு வரும் அழைப்பையெல்லாம் அவள்தான் அக்காவிடம் கொடுப்பாளாம். வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அக்கா தொலைபேசியை எடுத்தாள். எண்ணைப் பார்க்காமலேயே விரல் அழுத்தியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம், இணைப்பகம்” என்றது அந்தப் பெண்ணின் குரல்.

“நான்தாம்மா.”

“அக்கா!”

இவ்வளவு பெரிய நிறுவனத்தில் அக்காவை அடையாளம் தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான்.

“உன் படம் எங்க வீட்டுக்கு வந்திருக்கும்மா” என்றாள் அக்கா.

“மன்னிச்சிடுங்கக்கா. நிக்கச் சொன்னாங்க, நின்னேன். உங்களுக்குன்னு தெரிஞ்சப்ப வேணாம்னு சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல” என்றாள்.

“தெரியும்மா. அவங்க காதைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“அக்கா…” குரல் தணிந்தது. “நான் எப்படிக்கா வந்திருக்கேன்? எனக்குக் காட்டவே இல்ல.”

அக்கா படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“அழகா இருக்கம்மா. கண்ணுக்குக் கீழதான் கொஞ்சம் தூக்கமில்ல. இத்தனை நாளா உன் குரலுக்கு நான் வேற ஒரு மூஞ்சி நினைச்சு வெச்சிருந்தேன். இது அதைவிட நல்லா இருக்கு.”

அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

“நான் உங்களை எந்தப் படத்துலக்கா பாக்கறது?” என்றாள்.

“படத்துல எதுக்கும்மா? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, நேர்லயே பாத்துக்க. அதுக்கு ஒரு குழுவும் கூட வேணாம்.”